சுட்ட கூட்டை அளவுக்குக் கொண்டுவருதல்: ரைஃபிள் பித்தளைக்கு முதல் பாடம்

தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்பக் கற்றுக்கொள்பவர்கள் வெடிமருந்தைப் பற்றித்தான் அதிகம் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியதுதான். ஆனால் என் அனுபவத்தில் புதியவர்கள் அதிகமாகத் தவறு செய்யும் இடம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் வேலை அது. லீவரை இழுத்தால் முடிந்துவிடும் வேலை போலத் தோன்றும். அந்த இழுப்பில் ஒரு தலைமுடி தடிமனுக்கும் குறைவான வித்தியாசத்தில், ஒரு கூடு பத்து முறை உழைப்பதும் மூன்றாவது முறையிலேயே இரண்டாகப் பிய்வதும் தீர்மானமாகிவிடும்.

இந்தக் கட்டுரை கூட்டை அளவாக்குவதோடு நின்றுவிடும். மருந்தின் அளவு, குண்டைப் பொருத்துவது இரண்டுக்கும் அச்சிட்ட லோடிங் கையேடுதான் வேண்டும். அதற்கு மாற்று கிடையாது. அப்புறம், சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் வீட்டில் தோட்டா நிரப்புவது சாதாரணப் பொழுதுபோக்கு, சில இடங்களில் தனி உரிமம் இல்லாமல் தொடவே கூடாது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பிரஸ் (லீவரை இழுத்துக் கூட்டை அழுத்தும் கருவி) வாங்குங்கள்.

கூட்டுக்கு என்ன நடக்கிறது

தோட்டாக் கூட்டுப் பித்தளை என்பது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த உலோகம். இழுத்தால் நீளும், விட்டால் கொஞ்சம் திரும்பிச் சுருங்கும். .308 வின்செஸ்டர் மாதிரி ஒரு தோட்டாவுக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் கூடு உப்பிப்போய் சேம்பரின் (துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை) சுவரில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் இம்மியளவு சுருங்கி வெளியே வருகிறது. ஆகவே சுட்ட கூடு என்பது உங்கள் துப்பாக்கியின் சேம்பருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கொஞ்சம் இறுக்கமான சட்டை, அவ்வளவுதான். அதை அடுத்த முறை தடையில்லாமல் உள்ளே போகிற அளவுக்கு மட்டும் பிடித்துத் தைக்க வேண்டும்.

தேவைக்கு மேல் பிடித்தால் என்ன ஆகும்? கழுத்துள்ள ரைஃபிள் கூடு சேம்பருக்குள் தோள்பட்டையில்தான், அதாவது உடல் குறுகிக் கழுத்தாகும் சரிவில்தான், முட்டி நிற்கிறது. தோளுக்கும் போல்ட்டின் (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் பகுதி) முகத்துக்கும் நடுவே கூட்டுக்குக் கிடைக்கும் இடத்தைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். தோளை அதிகமாகக் கீழே தள்ளிவிட்டால் கூடு உள்ளே ஆடும். சுடும்போது முன்பகுதி சுவரைக் கவ்விக்கொள்ள, அடிப்பகுதி பின்னால் தள்ளப்பட்டு போல்ட்டில் மோதும். நடுவில் உள்ள பித்தளை நீளும். அடுத்த முறை நீங்கள் திரும்பவும் தோளைத் தள்ளுவீர்கள், அது திரும்பவும் நீளும். ஒவ்வொரு முறையும் நீள்வது ஒரே இடம்: கெட்டியான அடிப்பகுதி முடிந்து மெல்லிய சுவர் தொடங்குகிற இடம். கடைசியில் அங்கே கூடு அறுந்து, சூடான வாயு உங்கள் முகம் இருக்கும் பக்கமாகப் பீறிடும். நல்ல துப்பாக்கிகளில் அதைத் திசைதிருப்பத் துளைகள் உண்டு. அதை நம்பிக் காரியம் செய்யக் கூடாது.

மேஜைமேல் என்ன வேண்டும்

ஒற்றை நிலை பிரஸ் ஒன்று, உங்கள் தோட்டாவுக்கான முழுநீள சைசிங் டை (கூட்டைப் பிழிந்து அளவாக்கும் அச்சு), பொருத்தமான ஷெல் ஹோல்டர் (கூட்டின் அடியைப் பிடிக்கும் துண்டு), லூப் (கூட்டில் தடவும் வழுக்குப் பசை), டயல் அல்லது டிஜிட்டல் காலிப்பர், காலிப்பரில் மாட்டும் தோள் அளவு இணைப்பு (கம்பேரட்டர் என்பார்கள்), நீளம் வெட்டும் டிரிம்மர், உள்விளிம்பும் வெளிவிளிம்பும் மழிக்கும் சிறு கருவி. கண்ணாடி அணியுங்கள். ஆரம்பத்தில் கம்பேரட்டரை வாங்காமல் தவிர்க்கத் தோன்றும், ஏனென்றால் அது இல்லாமலும் வேலை நடக்கும். நான் சொல்வேன், புது டை வாங்குவதைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, இதைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணால் பார்க்க முடியாததைக் காட்டும் ஒரே கருவி இதுதான்.

பொறுக்கிப் பிரித்தல்

எல்லாக் கூட்டையும் கொட்டி, அடியில் உள்ள முத்திரையைப் பார்த்து ஒரே தயாரிப்பை ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். தயாரிப்புக்குத் தயாரிப்பு சுவர்த் தடிமனும் கடினமும் மாறும். ஒரே டை அமைப்பில் ஒன்று சரியாகவும் இன்னொன்று நீளமாகவும் வரும். காந்தத்தில் ஒட்டினால் அது எஃகுக் கூடு, ஓரமாகப் போடுங்கள். அலுமினியமும் வேண்டாம்.

உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, நமக்கு வேண்டியது அதுதான். ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை; டையில் உள்ள, பிரைமரை (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பி) வெளியே தள்ளும் ஊசி அதில் மோதி உடையும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா பாக்ஸரின் முறையை எடுத்துக்கொண்டது, ஐரோப்பாவின் பெரும்பகுதி பெர்டானின் முறைக்குப் போனது. மறுநிரப்பு எளிதாக இருப்பது பாக்ஸரில்தான்.

கழுத்தில் வெடிப்பு இருந்தால் குப்பை. அடியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே கூட்டைச் சுற்றி பளபளப்பான வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். டை உரசியதாலும் அங்கே கோடு விழும், அதனால் வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை ஒரு மில்லிமீட்டர் செங்கோணமாக மடக்கி, அந்த நுனியைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். கூட்டுக்குள் விட்டு, அடிவரை இறக்கி, சுவரில் அழுத்தியபடி மெதுவாக மேலே இழுங்கள். நல்ல கூட்டில் நுனி வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே பள்ளம் விழுந்திருந்தால் அந்த இடத்தில் நுனி ‘டக்’கென்று தடுக்கும். ஒரு பழைய கூட்டை வேண்டுமென்றே எடுத்து இந்தத் தடுக்கலை ஒரு முறை உணர்ந்துவிட்டால் பிறகு விரல் மறக்காது.

சுத்தம் செய்தல்

டைக்குள் மணல் போகக் கூடாது என்பதற்காகத்தான் சுத்தம். பளபளப்பு நம் ஆசைக்கு. டம்ளர் என்ற குலுக்கி இயந்திரத்தில் (தண்ணீர் குடிக்கும் டம்ளர் இல்லை) அரைத்த சோளத்தக்கையோ வால்நட் ஓடோ போட்டு ஓடவிட்டால் போதும். துணியால் துடைத்தாலும் போதும். குலுக்கியைத் திறக்கும்போது எழும் தூசியில் பிரைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கும். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் திறங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வீட்டில் பித்தளைப் பாத்திரம் துலக்க வைத்திருக்கும் பாலிஷை மட்டும் எடுக்காதீர்கள். பலவற்றில் அம்மோனியா இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படைகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. இறுகிய நிலையில் இருக்கும் பித்தளையை அம்மோனியா அரித்துப் பிளக்கும் என்பதும், அந்த அம்மோனியா குதிரைச் சிறுநீரிலிருந்து வந்தது என்பதும் 1921இல்தான் விளக்கப்பட்டது. சைஸ் செய்த கழுத்து எப்போதும் அப்படி இறுகிய நிலையில்தான் இருக்கிறது.

லூப் போடுதல்

ரைஃபிள் கூட்டை லூப் இல்லாமல் டைக்குள் ஏற்றினால் அது அங்கேயே குடியிருந்துவிடும். கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு கார்பைடு டையில் லூப் வேண்டாம் என்று கேள்விப்பட்டு, அதையே இங்கேயும் செய்பவர்கள் உண்டு. கழுத்துள்ள ரைஃபிள் கூட்டுக்கு, டை கார்பைடாகவே இருந்தாலும், லூப் கட்டாயம்.

மெழுகு வகை லூப் தொடங்குபவர்களுக்கு நல்லது. விரல் நுனியில் தொட்டு, கூட்டை உருட்டியபடி உடல் முழுவதும் தடவுங்கள். அதிகம் தேவைப்படுவது அடிப்பகுதியை ஒட்டிய கீழ்ப்பாதி, இறுக்கமும் அங்கேதான். தோளிலும் கழுத்திலும் விரலில் மிச்சமிருப்பது போதும். தோளில் லூப் தேங்கினால் டைக்குள் அது போக இடமில்லாமல் பித்தளையை அமுக்கி, விரலால் குத்தியது போல் பள்ளம் விழவைக்கும். சின்னப் பள்ளம் அடுத்த முறை சுடும்போது நிமிர்ந்துவிடும், ஆனால் அது அதிக லூப்புக்கான எச்சரிக்கை. கழுத்தின் உட்புறத்துக்கு நைலான் தூரிகையில் கொஞ்சம் தொட்டு, மூன்று நான்கு கூட்டுக்கு ஒரு முறை விட்டு எடுங்கள்.

நிறையக் கூடுகள் இருந்தால் ஒரு பங்கு திரவ லேனோலினுடன் 10 அல்லது 12 பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து தெளித்துக் குலுக்கலாம். ஆல்கஹால் முழுக்க ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும். என் முதல் மாட்டிக்கொண்ட கூடு இந்தப் பொறுமையின்மையால்தான். ஈரம் பளபளத்தது, லூப் இருக்கிறது என்று நினைத்து லீவரை அழுத்தினேன். பாதியில் கை கனத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். இறக்கும்போது ஷெல் ஹோல்டர் கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்தது, கூடு டைக்குள்ளேயே நின்றுவிட்டது. மீட்கும் வழி இதுதான்: ஊசித் தண்டை முடிந்தவரை மேலே கழற்றி, கூட்டின் அடியில் துளையைப் பெரிதாக்கி, மரை போட்டு, ஒரு மரையாணியால் இழுத்து எடுப்பது. அதற்கென்றே சிறு கருவித் தொகுப்பு விற்கிறார்கள். ஒரு மாலைப் பொழுது போய்விடும். கை வழக்கத்தைவிடக் கனமாக உணர்ந்த அந்தக் கணமே நிறுத்திப் பின்வாங்குங்கள், லூப் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

டையை அமைத்தல்

முழு வேலையின் உயிர் இந்தப் பகுதியில் இருக்கிறது. டையுடன் வரும் தாளில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ராமை (லீவரால் ஏறி இறங்கும் பிரஸ்ஸின் தண்டு) முழுக்க மேலே ஏற்றி, டை ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை திருகி, பிறகு இன்னும் கால் சுற்று திருகு. இப்படிச் செய்தால் எந்தத் துப்பாக்கியிலும் நுழையும் கூடு கிடைக்கும், உண்மைதான். உங்கள் துப்பாக்கிக்குத் தேவையானதைவிட மிகச் சிறியதாகவும் அது இருக்கலாம். தொடக்கப் புள்ளியாகக்கூட நான் இதை எடுப்பதில்லை.

முதலில் உங்கள் சேம்பர் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதே துப்பாக்கியில் சுட்ட ஐந்தாறு கூடுகளை எடுத்து, பிரைமரை மட்டும் தனி ஊசி டையால் தள்ளிவிடுங்கள். சுட்ட பிரைமர் சற்றே வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அளவு பொய் சொல்லும், அதற்காகத்தான் இது. பிறகு கம்பேரட்டரில் தோள்வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலிப்பர் 1.634 அங்குலம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்புக்கு இணைப்பு இந்த எண் கொஞ்சம் மாறும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், நமக்கு வேண்டியது வித்தியாசம்தான். ஒரே ஒரு முறை சுட்ட கூடு சேம்பரை முழுக்க நிறைத்திருக்காமல் போகலாம் என்பதால், கிடைத்ததில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இலக்கு இது: போல்ட்டைக் கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு, சுட்ட அளவிலிருந்து தோள் 0.001 முதல் 0.002 அங்குலம் பின்னால் போனால் போதும், அதாவது 0.025 முதல் 0.05 மி.மீ. அரைத் தானியங்கிக்கு 0.003 முதல் 0.005 அங்குலம். அரைத் தானியங்கியில் அழுத்தம் முழுக்க இறங்கும் முன்பே கூட்டை வெளியே இழுக்கத் தொடங்கிவிடுவதால், சுட்ட கூடு சேம்பரைவிட நீண்டிருக்கக்கூடும். அவ்வகைக்கு டிராப்-இன் கேஜ் (கூட்டை உள்ளே போட்டுப் பார்க்கும் அளவுக் கருவி) ஒன்றையும் வைத்துக்கொண்டு சரிபார்ப்பது நல்லது.

இப்போது ராமை மேலே ஏற்றி, டை ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை திருகி, ஒரு முழுச் சுற்று வெளியே எடுத்துவிடுங்கள். லூப் போட்ட ஒரு கூட்டை ஏற்றி இறக்கி, துடைத்து, அளங்கள். ஆச்சரியம் காத்திருக்கும்: 1.634 குறையாமல் 1.636 ஆகியிருக்கும். டை முதலில் உடலைப் பக்கவாட்டில் பிழிகிறது. பிழிந்த பித்தளை போக இடம் தேடித் தோளை முன்னால் தள்ளுகிறது. டையின் தோள் இன்னும் கூட்டின் தோளைத் தொடவே இல்லை. பாதி சைஸ் செய்த கூடு சைஸே செய்யாமல் விட்டதைவிட இறுக்கமாக நுழைவது இதனால்தான். இந்த இடத்தில் பலர் பதறி, டையைக் கால் சுற்று உள்ளே இறக்கிவிடுவார்கள். அங்கேதான் இலக்கைத் தாண்டிப் போய்விடுகிறது.

கணக்கைப் பாருங்கள். வழக்கமான டையின் மரை ஒரு அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்று 1.81 மி.மீ. கால் சுற்று 0.45 மி.மீ., நமக்கு வேண்டியதைவிட ஒன்பது மடங்கு. 0.002 அங்குலம் என்பது 10 பாகை திருப்பம்தான். கடிகாரத்தில் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகரும் தூரம்கூட இல்லை. ஆகவே தொடக்கத்தில் எட்டில் ஒரு பங்கு சுற்றாகப் போங்கள். எண் ஏறி நின்று திரும்ப இறங்கத் தொடங்கியதும் மயிரிழையாகத் திருப்புங்கள். டையின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடும், பிரஸ்ஸின் மேல் ஒரு கோடும் போட்டுக்கொண்டால் எவ்வளவு திருப்பினோம் என்று தெரியும். 1.636, 1.635, 1.634, 1.633, 1.632. நில்லுங்கள். அங்கே லாக் ரிங்கை (டையை நகராமல் பிடிக்கும் வளையம்) இறுக்குங்கள். இறுக்கும்போது ராம் மேலே, உள்ளே ஒரு கூடு அழுத்திய நிலையில் இருக்கட்டும், அப்போதுதான் டை நேராக உட்காரும். இறுக்கிய பிறகு புதிதாக இன்னொரு கூட்டை ஏற்றி அளங்கள். ஏற்கெனவே நாலு முறை ஏறி இறங்கிய கூடு தரும் எண்ணை நம்ப முடியாது.

கருவியின் எண்ணைத் துப்பாக்கியிடம் ஒரு முறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். பிரைமரும் மருந்தும் இல்லாத, துடைத்த வெறும் கூடு. போல்ட்டில் இருந்து ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) கழற்றியது, எஜெக்டரும் (கூட்டை வெளியே தள்ளும் பகுதி) கழற்றியது. போல்ட்டை மூடும்போது கைப்பிடி தன் பாரத்திலேயே கீழே விழுந்தால் சரியான இடம். கடைசியில் கொஞ்சம் தடுத்தால் தோள் இன்னும் முன்னால் இருக்கிறது. நிரப்பிய தோட்டாவை வைத்து இந்தச் சோதனையை வீட்டில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

சில துப்பாக்கிகளில் டை ஷெல் ஹோல்டரை முழுக்க முட்டிய பிறகும் தோள் இறங்காது. பிரஸ் அழுத்தத்தில் சற்று வளைவதும் பித்தளை கொஞ்சம் திரும்பி விரிவதும் சேர்ந்து அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். மேலே ஏற்றிய நிலையில் இரண்டு மூன்று நொடி பிடித்துவிட்டு இறக்கினால் கொஞ்சம் கேட்கும். எல்லாக் கூட்டுக்கும் அதே நொடிக் கணக்கைக் கடைப்பிடியுங்கள்.

கீச்சென்ற சத்தம்

டைக்குள் கழுத்து முதலில் தேவைக்கு அதிகமாகச் சுருங்கும். கூடு இறங்கி வரும்போது, ஊசித் தண்டில் உள்ள உருண்டை கழுத்துக்குள் புகுந்து அதை விரித்துக் குண்டு பிடிக்கும் அளவுக்குக் கொண்டுவரும். உள்ளே லூப் இல்லையென்றால் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் வந்தால் உருண்டை கழுத்தைப் பிடித்து மேலே இழுக்கிறது என்று பொருள். சிரமப்பட்டு நிறுத்திய தோள் அந்த இழுப்பில் ஒன்றிரண்டு ஆயிரத்திலொரு அங்குலம் திரும்ப முன்னால் வந்துவிடும். கூட்டுக்குக் கூடு அளவு மாறிக்கொண்டே இருக்கிறதே என்று தலையைச் சொறிவதற்கு முன் கழுத்தின் உட்புறம் லூப் இருக்கிறதா என்று பாருங்கள்.

கழுத்தை மட்டும் சைஸ் செய்யும் டைகளும் உண்டு. உடலைத் தொடாததால் பித்தளை நீடிக்கும் என்பது அதன் கவர்ச்சி. நாலைந்து சுடலுக்குப் பிறகு போல்ட் இறுகத் தொடங்கி, எப்படியும் முழுநீள டையைத் தேட வேண்டிவரும். தோளை அளந்து செய்யத் தெரிந்தவருக்கு முழுநீள டையே போதும்.

துடைத்து, வெட்டி, மழித்து

லூப்பை முழுக்கத் துடையுங்கள். எண்ணெய்ப் பசையோடு சேம்பருக்குள் போன கூடு சுவரைக் கவ்வாமல் வழுக்கி, போல்ட்டின் மேல் பாரத்தை ஏற்றும். உள்ளே தங்கிய லூப் மருந்தையும் கெடுக்கும்.

நீளத்தை இப்போதுதான் அளக்க வேண்டும், சைஸ் செய்வதற்கு முன் அல்ல, ஏனென்றால் பிழியும்போது கூடு நீளும். .308 வின்செஸ்டருக்கு உச்ச நீளம் 51.18 மி.மீ., வெட்ட வேண்டியது 50.93. .223 ரெமிங்டனுக்கு 44.70, வெட்ட வேண்டியது 44.45. உச்சத்தைத் தாண்டிய கூட்டின் வாய் சேம்பரின் முனையில் முட்டிக் குண்டைக் கவ்விக்கொள்ளும். குண்டு விடுபடாமல் அழுத்தம் அபாயமாக ஏறும். வெட்டியதும் வாயின் வெளிவிளிம்பிலும் உள்விளிம்பிலும் பிசிறை மட்டும் எடுங்கள். கத்தி மாதிரி கூர்மையாக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். இராணுவத் தயாரிப்புக் கூடுகளில் பிரைமர் குழியைச் சுற்றி நசுக்கிய வளையம் இருந்தால் அதையும் இந்தக் கட்டத்தில் நீக்க வேண்டும், இல்லையென்றால் புது பிரைமர் உட்காராது.

சுடுவதும் பிழிவதுமாகப் பித்தளை மெல்ல மெல்ல இறுகிப்போகும். அதே டை அமைப்பு, அதே லூப், ஆனால் தோள் நிற்கிற இடம் மட்டும் தள்ளாடுகிறது என்றால் கழுத்தையும் தோளையும் சூடாக்கி இளக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அது தனிப் பாடம். இப்போதைக்கு ஒன்றே ஒன்று: அடிப்பகுதி கடினமாகவே இருக்க வேண்டும், ஆகையால் முழுக் கூட்டையும் அடுப்பில் வைத்துச் சூடாக்கும் யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு சீட்டு ஒட்டி, எந்தத் துப்பாக்கி, எத்தனை முறை சுட்டது, தோள் அளவு என்ன என்று எழுதிவையுங்கள். கழித்த கூட்டை அப்படியே குப்பை டப்பாவில் போடாமல், போடும் முன் கழுத்தை இடுக்கியால் தட்டையாக நசுக்கிவிடுங்கள். நசுக்காத கூடு என்றைக்காவது ஒருநாள் நல்ல கூடுகளோடு கலந்து மேஜைக்குத் திரும்பி வந்துவிடும்.